விளக்கு மங்கினால் பல்பையா பழிப்பது?

இரவு நேரத்தில் சிவகிரியிலிருந்து தென்காசிக்குக் காரில் சென்றதுண்டா? திருமங்கலத்தில் தொடங்கி, ராஜபாளையம், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை போகும் நெடுஞ்சாலை அது. மேற்கே இருட்டில் மலை கறுத்து நிற்கும். கேரளத்துக்குச் சரக்கேற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பின்விளக்கே இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று திடீரென்று முன்னால் முளைக்கும். தெருவிளக்கு ஊருக்குள்தான், ஊரைத் தாண்டினால் ஓட்டுநருக்குக் கண் என்பது வண்டியின் ஹெட்லைட் மட்டுமே.

அந்தக் கண் மங்கிப் போனால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி ஒருவரிடமிருந்து சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்துகொண்டேன். குற்றாலத்தில் சாரல் விழும் காலம். அண்ணாச்சிக்கு அதுதான் அறுவடை. பகலும் இரவும் சவாரி இருக்கும். ஒரு நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"சார், நேத்து ராத்திரி வாசுதேவநல்லூர் தாண்டி ஒரு பெரியவர் சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போயிருக்காரு. மேல புல்லுக்கட்டு. கிட்டக்க வந்த பெறவுதான் ஆளே தெரிஞ்சுது. வலது பக்கமா வண்டிய ஒடிச்சேன். எதுக்க லாரி வந்திருந்தா என் கதை என்ன? புது பல்பு போட்டு ஒரு வாரந்தான் ஆகுது. அப்பவும் மங்கலாத்தான் எரியுது. நீங்க பிசிக்ஸ் வாத்தியாரு, என்னன்னு பாருங்க."

பெருமையோடு என் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் சுவிட்சைப் போட்டு, இரண்டு பல்புகளையும் கழற்றி, இடப்பக்க ஹோல்டரின் முனைகளில் மீட்டரை வைத்தேன். 13.9 வோல்ட். வலப்பக்க ஹோல்டரிலும் பார்த்தேன். அங்கும் 13.9. பாட்டரியின் இரு முனைகளுக்கு இடையிலும் அதே 13.9. "வயரிங்கில் ஒரு குறையும் இல்லை, அண்ணாச்சி. பல்புதான் மட்டமானது. நல்லதாக வாங்கிப் போடுங்கள்" என்று தீர்ப்பளித்துவிட்டு வந்தேன்.

அந்தத் தீர்ப்பு முழுத் தவறு. எங்கே தவறினேன் என்று இப்போதே ஊகிக்க முடிகிறதா? முடியாவிட்டால் வருந்த வேண்டாம். கல்லூரியில் ஓம் விதியைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கே தெரியவில்லை.

என் பேச்சைக் கேட்டு அண்ணாச்சி கூடுதல் சக்தியுள்ள 100 வாட் பல்புகளை வாங்கி மாட்டினார். வெளிச்சம் கூடினாற்போலவே இல்லை. நாலைந்து நாளில் முன்பக்கத்திலிருந்து கருகல் வாடை வரத் தொடங்கியது. இந்தத் தடவை அவர் என்னிடம் வரவில்லை. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனார். செய்தி கேட்டு நானும் போய் நின்றேன்.

அந்தப் பெரியவர் மீட்டரை எடுக்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு விளக்கைப் போடச் சொன்னார். ஒரு தடித்த வயரை எடுத்து அதன் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர் முனையில் பிடித்தார். மறு முனையைப் பல்பு ஹோல்டரின் எர்த் முனையில் தொட்டார். அவ்வளவுதான். எதிர்ச் சுவரில் விழுந்திருந்த மஞ்சள் வெளிச்சம் பளீரென்று வெண்மையானது. வயரை எடுத்தார், மறுபடி மங்கியது.

"எரியும்போதுதான் சார் நோவு தெரியும். கழத்தி வச்சுட்டுப் பார்த்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

பம்பு செட்டும் அடைத்த குழாயும்

உங்கள் தோட்டத்துப் பம்பு செட்டிலிருந்து வரும் குழாயில் ஓரிடத்தில் மண் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியிலுள்ள திருகை இறுக மூடிவிட்டு, அங்கே நீரின் அழுத்தத்தை அளந்தால் அது முழுதாகவே இருக்கும். நீர் ஓடவில்லை, ஆகவே அடைப்பு எதையும் தடுக்கவும் இல்லை. திருகைத் திறந்தவுடன்தான் அடைப்பு தன் குணத்தைக் காட்டும். நீர் நூலாக வடியும். முனையில் அழுத்தம் விழுந்துவிடும்.

மின்சாரமும் இப்படித்தான். ஒரு மின்தடையில் இழக்கப்படும் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டத்தை அந்தத் தடையால் பெருக்கி வருவது. பல்பைக் கழற்றிவிட்டு நான் அளந்தபோது, மீட்டர் வழியாக ஓடியது ஏறக்குறைய சுழி மின்னோட்டம். சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதானே? அதனால் அடைப்பு மறைந்துகொண்டு, பாட்டரியின் முழு மின்னழுத்தமும் ஹோல்டருக்கு வந்துவிட்டதுபோல் காட்டியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு.

பிறகு பெரியவரின் கொட்டகையிலேயே பழைய 60 வாட் பல்புகளை மாட்டி, எரியவிட்டு அளந்தேன். பாட்டரியில் 13.9 வோல்ட். பாட்டரியின் நேர் முனையிலிருந்து பல்பின் நேர் முனைவரை இழப்பு 0.4 வோல்ட். பல்பின் இரு முனைகளுக்கு இடையே 10.8. பல்பின் எர்த் முனைக்கும் பாட்டரியின் எதிர் முனைக்கும் இடையே 2.7. மூன்றையும் கூட்டிப் பாருங்கள்: 0.4 + 10.8 + 2.7 = 13.9. கணக்குப் பிள்ளை எழுதிய பேரேடு மாதிரி, ஒரு காசு குறையவில்லை! போன வோல்ட் எங்கே போனது என்று பேரேடே சொல்லிவிட்டது. வீடு திரும்பும் பாதையில், எர்த் பக்கத்தில் திருட்டு.

எர்த் என்பது எது?

காரின் மின்சுற்றில் பல்புக்குப் போகும் வயர் உண்டு. பல்பிலிருந்து பாட்டரிக்குத் திரும்பத் தனி வயர் கிடையாது. பல்பின் எர்த் வயரை அருகிலுள்ள இரும்புத் தகட்டில் ஒரு போல்ட் போட்டு முறுக்கிவிடுவார்கள். வண்டியின் உடலே திரும்பும் பாதை. பாட்டரியின் எதிர் முனையும் அதே உடலில்தான் இணைந்திருக்கிறது. பழைய டைனமோ சைக்கிளைக் கவனித்தவர்கள் இதைப் பார்த்திருக்கலாம். டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒற்றை வயர்தான் போகும். சைக்கிளின் இரும்புச் சட்டம் மற்றொரு வயராக வேலை செய்யும்.

செம்பு மிச்சம், வேலை மிச்சம். ஆனால் அந்த ஒரு போல்ட்டை நம்பியிருக்கிறது முழு விளக்கும். பெரியவர் இடப்பக்க விளக்குக்குப் பின்னால் கையை விட்டு அந்தப் போல்ட்டைக் கழற்றிக் காட்டினார். இரண்டு விளக்குகளுக்கும் அது ஒன்றுதான் எர்த். வயரின் உறை உருகிச் சுருண்டிருந்தது. வளையத்தில் பச்சைக் களிம்பு. அதன் அடியில், தகட்டின்மீது, அழகான வெள்ளைப் பெயிண்ட்!

அப்போதுதான் அண்ணாச்சிக்கு நினைவு வந்தது. சில மாதங்களுக்கு முன் ஓர் இடியில் முன்பக்கம் நசுங்கி, டிங்கரிங் செய்து பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பெயிண்ட் ஒரு மின்காப்புப் பொருள். அதற்குமேல் எர்த் வளையத்தை வைத்து முறுக்கியதால், மின்னோட்டம் போல்ட்டின் மரை வழியாக மட்டும் எப்படியோ நுழைந்து போய்க்கொண்டிருந்தது. சாரல் ஈரம் மரையில் துருவேற்ற, அந்த வழியும் குறுகிவிட்டது. ஒரு கோளாறைத் தேடும்போது, "இதற்கு முன் இந்த வண்டியில் என்ன வேலை செய்தார்கள்?" என்று கேட்பது மீட்டரைவிடப் பயன் தரும். நான் அதையும் கேட்கவில்லை.

அரைக்கால் ஓம்கூட அற்பமல்ல

அந்த மூட்டின் தடை எவ்வளவு? 60 வாட் பல்பு சூடாக எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 2.4 ஓம். இரண்டு பல்புகள் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் 1.2 ஓம். மூட்டில் 2.7 வோல்ட் விழ வேண்டுமானால் அங்கே 0.3 ஓம் இருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள்: 13.5 வோல்ட்டை 1.5 ஓமால் வகுத்தால் 9 ஆம்பியர். 9 ஆம்பியர் 0.3 ஓமில் இழப்பது 2.7 வோல்ட். (மின்னிழை குளிரும்போது அதன் தடையும் சற்றுக் குறையும், இங்கே அதை விட்டுவிடுவோம்.)

0.3 ஓம் என்றால் சிறியதாகத் தோன்றுகிறது. மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைத்துப் பார்த்தால், மீட்டரின் சொந்த வயர்களின் தடையோடு அது கலந்து மறைந்துவிடும். ஆனால் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள செம்பு வயரில் 0.3 ஓம் தடை வேண்டுமென்றால் 17 மீட்டருக்கு மேல் வயர் வேண்டும். ஒரு பைசா அகலமுள்ள பெயிண்ட் பூச்சு, காரைப்போல் நாலு மடங்கு நீளமுள்ள வயரை நடுவில் சொருகிய மாதிரி ஆகிவிட்டது.

இன்னொரு கேள்வி எழலாம். 13.5 வோல்ட்டுக்குப் பதில் 10.8 என்றால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைவு? வெளிச்சமும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன குடி முழுகிவிடும்? இங்கேதான் மின்னிழை நம்மை ஏமாற்றுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் மின்னிழையின் வெப்பநிலை குறையும். வெப்பநிலை குறைந்தால், அது வெளிவிடும் ஆற்றலில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகப் போய்விடும். ஆகவே வெளிச்சம், மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆவது அடுக்காக மாறுகிறது. 10.8 என்பது 13.5-இல் 0.8 பங்கு. 0.8-ஐ 3.4 ஆவது அடுக்குக்கு உயர்த்தினால் 0.47. பாதிக்கும் குறைவு!

இனி அந்தப் புல்லுக்கட்டுப் பெரியவரிடம் வருவோம். ஒரு பொருள்மீது விழும் வெளிச்சம், தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. விளக்கு 0.47 பங்காக மங்கினால், அதே அளவு வெளிச்சம் பெற அவர் 0.69 பங்கு தூரத்துக்கு நெருங்க வேண்டும். முன்பு 60 மீட்டரில் தெரிந்திருக்கக்கூடியவர் இப்போது சுமார் 41 மீட்டரில்தான் தெரிவார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி. பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில் சுமார் 23 மீட்டர். மொத்தம் 40. சாரலில் நனைந்த சாலையில் அது 50 மீட்டரைத் தாண்டும். நல்ல விளக்காயிருந்தால் நிறுத்தியிருக்கலாம். அன்றிரவு நிறுத்தவே முடியாது; ஒடிக்கத்தான் முடியும். எதிரே லாரி வராதது தற்செயல்.

பெரிய பல்பு ஏன் பயன்படவில்லை?

இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாயிருந்தது. 100 வாட் பல்பின் தடை குறைவு, ஏறத்தாழ 1.44 ஓம். இரண்டுக்கும் சேர்த்து 0.72. மூட்டின் 0.3-ஐக் கூட்டினால் 1.02 ஓம். மின்னோட்டம் 13 ஆம்பியருக்கு மேல் ஏறுகிறது. மூட்டில் இழப்பு ஏறக்குறைய 4 வோல்ட். பல்புக்கு மிஞ்சுவது 9.5 வோல்ட்தான். அந்த நிலையில் 100 வாட் பல்பு தன் முழு வெளிச்சத்தில் 30 சதவீதத்தைத்தான் கொடுக்கும். 60 வாட் பல்பு தன் வெளிச்சத்தில் 47 சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒப்பிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் மூட்டில் உண்டாகும் வெப்பம் 24 வாட்டிலிருந்து 50 வாட்டுக்கு மேல் போய்விட்டது. அண்ணாச்சி கூடுதலாகக் கொடுத்த பணம் முழுவதும் எர்த் போல்ட்டைச் சூடாக்கவே செலவாயிற்று. கருகல் வாடையின் காரணம் அதுவே. இதில் பல்பு விற்றவர்மீது எனக்குக் கோபமில்லை; வாங்கச் சொன்னது நான்.

பெரியவர் தகட்டின் பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இரும்பு பளபளக்கச் செய்தார். புது வளையம் போட்டு முறுக்கி, ஈரம் புகாமல் மேலே கிரீஸ் தடவினார். எரியவிட்டு மீண்டும் அளந்தோம். எர்த் பக்கத்து இழப்பு 0.1 வோல்ட். பல்பில் 13.3. போகும் பக்கத்து இழப்பு மட்டும் 0.4-லிருந்து 0.5 ஆகக் கூடியிருந்தது. ஏன் கூடியது? மின்னோட்டம் கூடியதால்தான்.

பாட்டரி போக்குக் காட்டுவதில் ஓமுக்கே அனுபவம் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியார்க் சைமன் ஓம், 1825-இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்த சூத்திரம் சரியாக வரவில்லை. அவர் பயன்படுத்திய மின்கலங்கள், மின்னோட்டம் எடுக்க எடுக்கச் சோர்ந்து போயின. பொகெண்டார்ஃப் என்ற அறிஞரின் யோசனைப்படி வெப்ப மின்னிரட்டையை மூலமாக வைத்துக்கொண்ட பிறகே விதி தெளிவாகப் புலப்பட்டது. 1827-இல் அவருடைய நூல் வந்தது. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி 1841-இல் அவருக்குக் காப்லே பதக்கம் அளித்தது. எரியும்போது அளக்க வேண்டும் என்ற பாடத்தில் நான் தோற்றது பற்றி, இதை நினைத்துத்தான் ஆறுதல் கொள்கிறேன்.

மற்ற கோளாறுகள்

எல்லா மங்கலுக்கும் எர்த்தே காரணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அணைந்தால் முதலில் பல்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால், இரண்டு பல்பும் ஒரே நொடியில் இறப்பது அரிது. பியூஸ், ரிலே, சுவிட்ச் இவற்றில் ஒன்று. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்கி, வேகமெடுத்தால் பளிச்சிட்டால், ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். பல்பு அடிக்கடி ஃபியூஸ் போனால் மின்னழுத்தத்தை ஒழுங்குபடுத்தும் கருவி கெட்டிருக்கலாம்; மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஸ்டார்ட் செய்யும்போது விளக்கு ஒரு கணம் சோர்வது நோயல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் பாட்டரியின் உள்தடையிலேயே வோல்ட் விழுகிறது.

பியூஸ் போன இடத்தில் செம்பு வயரைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். வண்டி எரிந்துபோவதற்கு அதைவிடக் குறுக்குவழி இல்லை. பாட்டரியின் இரு முனைகளையும் ஸ்பானராலோ வளையலாலோ ஒருசேரத் தொட்டுவிடாதீர்கள். பெரியவர் செய்த வயர் வித்தை எதிர் முனையில் மட்டுமே பத்திரமானது; அதுவும் பெரியவர்கள் துணையோடு. எல்.இ.டி. விளக்குள்ள புதிய கார்களில் மின்னழுத்தம் குறைந்தாலும் உள்ளிருக்கும் மின்னணுச் சுற்று வெளிச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டே வரும். காப்பாற்ற முடியாத அளவுக்குக் குறைந்தால் சிமிட்டும் அல்லது அணையும். அங்கே மங்கல் என்ற முன்னறிவிப்பே கிடைக்காமல் போகலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

காரைத் தொட வேண்டியதில்லை. இரண்டு டார்ச் செல், ஒரு டார்ச் பல்பு, இரு முனையும் சீவிய பென்சில், நாலு துண்டு வயர், ஒரு மலிவான மீட்டர் போதும். செல்லிலிருந்து வரும் ஒரு வயரைப் பென்சிலின் கரிமுனை வழியாகப் பல்புக்கு இணையுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் ஏறத்தாழ 3 வோல்ட் இருக்கும். பல்பை மாட்டி அளந்தால் வெகுவாகக் குறையும். குறைந்த வோல்ட்டைப் பென்சிலின் இரு முனைகளுக்கு இடையே தேடுங்கள். அங்கே பத்திரமாக இருக்கும்.

பெரியவர் எனக்குப் போட்ட புதிர் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு ஹெட்லைட் பல்பிலும் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு மின்னிழைகள். இரண்டுக்கும் பொதுவாக ஓர் எர்த் முனை. ஒரு வண்டியில் டிம் போட்டால் வலப்பக்கம் சரியாக எரிகிறது. ஆனால் இடப்பக்கப் பல்பில் இரண்டு இழைகளும் சேர்ந்து சிவப்பாக மினுங்குகின்றன. பிரைட் போடாமலே டாஷ்போர்டில் நீல விளக்கும் லேசாகத் தெரிகிறது. பேய் பிடித்த வண்டியா?

படம் வரைந்து பாருங்கள். இடப்பக்க எர்த் முழுதாக அறுந்திருக்கிறது. டிம் இழைக்குள் வந்த மின்னோட்டம் வெளியேற வழியின்றி, அதே பல்பின் பிரைட் இழைக்குள் பின்பக்கமாக நுழைகிறது. பிரைட் வயர் வழியாகப் போய், ஒரு பகுதி நீல விளக்கின் மூலமும், மறு பகுதி வலப்பக்கப் பல்பின் பிரைட் இழை மூலமும் எர்த்தைச் சேர்கிறது. எனக்கு விடை கிடைக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம் ஆயிற்று. தேநீருக்குக் காசு கொடுத்தது அண்ணாச்சி.